உப்புத்தாளும் ஒரு மீன்காரப் பெண்ணும்

எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் என்ற பெண்ணின் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது, புகைப்படக் கலையின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பழைய புத்தகத்தில். மலிவான தாளில், கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அளவில் அச்சாகியிருந்தது. தலையில் துணி கட்டிய ஒருத்தி, கோடு போட்ட பாவாடையோடு நிற்கிறாள். கண்கள் தரையைப் பார்க்கின்றன. அருகில் ஒரு கூடை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படம் கலங்கலாக இருந்தது. அந்தக் காலத்துக் கேமரா அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பல ஆண்டுகளுக்குப் பின், அதன் பழைய அச்சு ஒன்றை வண்ணத்தில் நகலெடுத்து இணையத்தில் ஏற்றியிருந்ததைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், நான் அத்தனை காலமும் நினைவில் வைத்திருந்தது அந்தப் படத்தின் நிழலைத்தான் என்று புரிந்தது. அது கறுப்பு வெள்ளைப் படமே இல்லை.

பழுப்பு என்ற ஒற்றைச் சொல்லால் அதன் நிறத்தைச் சொல்லிவிட முடியாது. பாவாடை மடிப்பின் இருண்ட குழிகளில், உடைத்த கருப்பட்டியின் உட்புறத்தில் தெரிகிற கரும்பழுப்பு. தோளுக்கு வரும்போது அது இளகி, மழை நனைத்த செம்மண்ணாகிறது. கன்னத்தில் பால் கூடுதலாகச் சேர்த்த காப்பி. ஒளி நேராக விழும் துணியின் விளிம்பில் நிறமே இல்லை, வெறும் தாள் மட்டும் இருக்கிறது; ஆனால் அந்தத் தாளும் வெள்ளையல்ல, பழைய வேட்டியின் வெளிர்மஞ்சள். கூர்ந்து பார்த்தால் நிழல்களின் அடியில் கத்தரிப்பூ நிறம் மெல்லிய சாயலாக ஓடுகிறது. இவ்வளவும் வெள்ளி என்ற ஒரே உலோகம் செய்த வேலை.

படத்தை எடுத்தவர்கள் இருவர். டேவிட் ஆக்டேவியஸ் ஹில் ஓவியர். ராபர்ட் ஆடம்சன் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து வந்த இளைஞர், மருத்துவரான அண்ணன் ஜானிடம் இந்தத் தொழிலைக் கற்றவர். 1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட போதகர்கள் ஒரே நேரத்தில் விலகிப் புதிய சபை ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்ட விரும்பிய ஹில், அத்தனை முகங்களையும் எப்படிக் குறித்துக்கொள்வது என்று திகைத்தபோது, இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் அவரை ஆடம்சனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். முகக்குறிப்புகளுக்காகத் தொடங்கிய கூட்டு, எடின்பரோவின் கால்ட்டன் குன்றிலிருந்த ராக் ஹவுஸ் வீட்டில் நாலரை ஆண்டுகள் நடந்து, சுமார் 3,000 படங்களை விட்டுச் சென்றது. 1848 ஜனவரியில், 26 வயதில், ஆடம்சன் இறந்தார். ஹில்லின் ஓவியம் 1866-இல்தான் முடிந்தது. இன்று அந்த ஓவியத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்களைவிட, அதற்குக் குறிப்பாக எடுத்த படங்களைத் தேடுபவர்களே மிகுதி என்று நினைக்கிறேன். ஓவியம் எனக்கு ஒரு நெரிசலான குழுப்படமாகவே தோன்றுகிறது.

எலிசபெத், எடின்பரோவை ஒட்டிய நியூஹேவன் என்ற மீனவக் கிராமத்துப் பெண். அந்த ஊர்ப் பெண்கள், ஆண்கள் பிடித்து வந்த மீனைக் கூடையில் முதுகில் சுமந்து நகரத்துக்குள் கொண்டுபோய் விற்றவர்கள்; கோடு போட்ட பாவாடைகளுக்கும் வலுத்த குரலுக்கும் பெயர் பெற்றவர்கள். போதகர்களுக்கும் பிரபுக்களுக்கும் நடுவே, இவர்களையும் ஒரு தொகுதியாக எடுக்க வேண்டும் என்று ஹில்லுக்குத் தோன்றியதே பெரிது. பெயர் தெரிந்த பெரியவர்களின் படங்கள் இன்று பெயருக்காகப் பார்க்கப்படுகின்றன. இந்தப் பெண்ணின் படம் படத்துக்காகப் பார்க்கப்படுகிறது.

இவர்கள் கையாண்ட முறைக்குக் காலோடைப் என்று பெயர். ஆங்கிலேயரான டால்பட் அதை உருவாக்கி 1841-இல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது என்பதால் ஆடம்சன் யாருக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. நல்ல எழுதுதாளில் வெள்ளி அயோடைடு படியச் செய்து, பயன்படுத்தும் நேரத்தில் காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்த கரைசலைத் தடவி, கேமராவுக்குள் வைப்பார்கள். கிடைப்பது தாளில் ஒரு நெகட்டிவ். அதை இன்னொரு தாளின் மீது வைத்து அழுத்தி வெயிலில் காட்டினால் படம். இரண்டாவது தாள்தான் உப்புத்தாள்: சாப்பாட்டு உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்து, வெள்ளி நைட்ரேட் தடவிய தாள். கண்ணாடியும் இல்லை, பிலிமும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை தாள்தான்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பது இந்த இரண்டாவது தாளில் இருக்கிறது. நெகட்டிவில் வெளிச்சம் தொடங்கி வைத்ததை ரசாயனம் வளர்த்து முடிக்கிறது. அப்படி வளர்ந்த வெள்ளி, சிக்குப்பிடித்த நூல்போலத் திரண்டு, கருமை நோக்கிப் போகிறது. உப்புத்தாளிலோ வளர்ப்பதற்கு ரசாயனம் கிடையாது, வெயில் மட்டுமே முழு வேலையையும் செய்கிறது. அதனால் உண்டாகும் வெள்ளித் துகள்கள் மிக மிக நுண்மையானவை. அந்த அளவில் வெள்ளி கறுப்பாகத் தெரிவதில்லை, செம்மையாகவும் பழுப்பாகவும் ஊதாவாகவும் தெரிகிறது. தாளுக்கு ஏற்றியிருந்த பசை, உப்பின் அளவு, கழுவிய நீர், அன்றைய வெயில் என ஒவ்வொன்றும் அந்தத் துகளின் பருமனைச் சற்று மாற்றும்; துகள் மாறினால் நிறம் மாறும். ஒரே நெகட்டிவிலிருந்து எடுத்த இரண்டு அச்சுகளில் ஒன்று செங்கல்லாகவும் மற்றொன்று புளியங்கொட்டைத் தோலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, சென்ற கோடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். திரைச்சீலை இழுத்த அறையில், பிரஷ்ஷால் வெள்ளி நைட்ரேட்டைத் தடவிக் காயவைத்த தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பொருத்தி வெயிலில் வைத்தால், கண்முன்னே அது மாறத் தொடங்கும். முதலில் வெளிறிய ஊதா, பிறகு மழைமேகச் சாம்பல், பிறகு சாக்லேட். அதை ஹைப்போவில், அதாவது படம் வெயிலில் மேலும் கறுக்காமல் நிலைக்கச் செய்யும் கரைசலில், அமிழ்த்திய கணத்தில் அத்தனை அழகும் வடிந்து, இஞ்சித் துவையல் போன்ற ஒரு நிறத்துக்கு இறங்கிவிடும். முதல் முறை அதைக் கண்டு, கெட்டுப்போயிற்று என்று தாளைக் கசக்கிப் போட இருந்தேன். கழுவிக் கொடியில் மாட்டிய தாள் காயக் காய மறுபடி ஆழம் கொண்டது. சாயங்காலம் பார்த்தபோது நான் எதிர்பார்க்காத ஒரு கருஞ்சிவப்பில் நின்றது. விரல் நுனியில் ஒட்டிய கறுப்பு போக ஒரு வாரத்துக்கு மேலாயிற்று.

நிறத்தோடு பிரிக்க முடியாமல் கலந்திருப்பது சொரசொரப்பு. பின்னாளில் வந்த அச்சுகளில் படம் தாளின் மேல் ஒரு மெழுகுப் பூச்சுபோல உட்கார்ந்திருக்கும். 1850-க்குப் பின் பரவிய முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள்கள் பளபளப்பதற்கு அந்தப் பூச்சே காரணம். உப்புத்தாளில் அப்படி எதுவும் இல்லை. வெள்ளி தாளின் நார்களுக்குள்ளேயே இருக்கிறது, துணியில் சாயம் இறங்கியிருப்பதுபோல. எனவே படத்தைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதும் ஒன்றாகிவிடுகிறது. இதில் இரண்டு தாள்களின் கதை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வெயில் நெகட்டிவ் தாளின் நார்களை ஊடுருவி வரும்போது அவற்றின் மேடுபள்ளத்தையும் சேர்த்தே கீழே கொண்டுவந்து பதிக்கிறது. மேலே இருந்த தாளின் நார், கீழே இருக்கும் தாளின் நார், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் முகம்.

அதே ஆண்டுகளில் பாரிஸிலிருந்து பரவியிருந்த டாகெரோடைப், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கப்பட்டது. அதில் இமை மயிரை எண்ணலாம், பொத்தானின் நூலைப் பார்க்கலாம். அந்தக் கூர்மையை எந்தக் காலோடைப்பும் எட்டியதில்லை. ஹில் இதை ஒப்புக்கொண்டு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: தாளின் சொரசொரப்பும், எங்கும் ஒரே சீராக இல்லாத அதன் தன்மையுமே நுணுக்கத்தில் இது டாகெரோடைப்பிடம் தோற்கக் காரணம் என்றும், ஆனால் இதன் உயிரே அதுதான் என்றும். கடவுளின் குறையற்ற படைப்பைச் சுருக்கி வைத்ததுபோல் அல்லாமல், குறையுள்ள ஒரு மனிதனின் வேலைபோல் இவை தோன்றுகின்றன என்பது அவர் சொன்ன காரணம். ஓவியர் என்பதால் தன் தொழிலுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று இதை ஒதுக்கிவிடலாம். எலிசபெத்தின் முகத்தின் முன்னால் நின்று பார்த்தால் ஒதுக்க முடிவதில்லை.

ஏனெனில் அந்த முகத்தில் தோலின் துளைகள் இல்லை, மயிர்க்கால்கள் இல்லை. வெளிச்சம் விழுந்த இடமும் விழாத இடமும் மட்டுமே இருக்கின்றன. நெற்றியிலிருந்து கன்ன எலும்பு வரை ஒரே ஒளித்திரள், தாடைக்குக் கீழே ஒரே இருள். இரண்டும் சந்திக்கும் எல்லை கோடாக இல்லாமல், ஈரத் துணியின் கறைபோல ஒன்றுக்குள் ஒன்று பரவுகிறது. அக்காலத்தவர்களே இந்தப் படங்களை, ஒளியும் இருளும் கொண்டு முகங்களைத் தீட்டிய டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் வேலையோடு ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு இப்போது தேய்ந்துவிட்டது என்றாலும், எதைக் கண்டு அப்படிச் சொன்னார்கள் என்பது தெரிகிறது. ராக் ஹவுஸில் எல்லாப் படங்களும் வெளியே, வெயிலில்தான் எடுக்கப்பட்டன; ஒரு குழியாடியைக் கொண்டு வெயிலைத் திரட்டி அமர்ந்திருப்பவர்மீது செலுத்தும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. ஒரு நிமிடம், சில வேளைகளில் அதற்கும் மேல், அசையாமல் இருக்க வேண்டும். எலிசபெத் கண்ணைத் தாழ்த்தியிருப்பதைப் பெண்மையின் நாணம் என்று எழுதியவர்கள் உண்டு. ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின்கூட 1931-இல் அந்தத் தாழ்ந்த பார்வையில்தான் மயங்கி நின்றார். வெயிலில் ஒரு நிமிடம் கண்சிமிட்டாமல் நின்று பார்த்தவர்களுக்கு வேறு எண்ணம் தோன்றலாம்.

முகத்தில் நுணுக்கத்தை இழந்த தாள், துணியில் அதை இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறது என்பது இந்தப் படங்களின் விந்தை. தாளும் நார், துணியும் நார். பாவாடையின் முரட்டு நெசவு தாளின் முரட்டுத்தனத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கூடையின் பின்னலில் ஒவ்வொரு மிலாறும் தடித்து நிற்கிறது. வழுவழுப்பான தகட்டில் கம்பளித் துணி கம்பளியின் படமாகத் தெரியும். இங்கே அது கம்பளியாகவே தெரிகிறது. விரலை நீட்டித் தடவிப் பார்க்கத் தோன்றுகிறது, திரையில் பார்க்கும்போதுகூட.

இதை ஹில்லும் ஆடம்சனும் அறிந்தே செய்தார்கள் என்பதற்கு எனக்குப் போதுமான சாட்சி ருத்வென் சீமாட்டியின் படம். அந்தப் பிரபுக் குடும்பத்துப் பெண்மணி கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். முகம் தெரியாத ஓர் உருவப்படம்! பார்க்கக் கிடைப்பது அவருடைய உடையும், அதன்மேல் விழுந்து கிடக்கும் பூவேலை லேஸ் சால்வையும்தான். லேஸின் துளைகள் வழியாகப் பட்டின் ஒளி கசிவதும், கொசுவத்தின் முகட்டில் பூ விரிந்து பள்ளத்தில் சுருங்குவதும், ஓர் ஆளின் முகபாவத்துக்கு நிகரான கவனத்தோடு எடுக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு எதிர்க்கோடியில், நியூஹேவன் தொகுதியில் ஒரு சிறுவன் இருக்கிறான். அப்பாவின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பதால் படத்துக்கே அந்தப் பெயர்தான். அளவுக்கு மீறிய அந்தத் தடித்த துணி அவன் உடம்பில் தொங்குவதையும், ஒட்டுப்போட்ட இடங்களையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சீமாட்டியின் லேஸுக்குக் கிடைத்த அதே வெயில், அதே உப்புத்தாள், இவன் ஒட்டுத்துணிக்கும் கிடைத்திருக்கிறது.

நம் ஊருக்கும் தாள் நெகட்டிவ் வந்திருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் மெழுகேற்றிய தாள் நெகட்டிவில்தான் எடுத்தார். அவருடைய தூண்களிலும் கோபுரங்களிலும் கருங்கல் அத்தனை கனத்தோடு தெரிவதில் தாளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் கட்டடங்களின் ஆள். முகங்களைத் தேடி நாம் எடின்பரோவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

மேலே சொன்ன நிறங்களை எலிசபெத் உடுத்தியிருந்த நிறங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை வெள்ளியின் நிறங்கள். வெள்ளி அயோடைடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. அவள் பாவாடைக் கோடுகளில் ஒன்று நீலமாக இருந்திருந்தால் வெண்மையை ஒட்டிய வெளிர்நிறமாக வந்திருக்கும். சிவப்பாக இருந்திருந்தால் கறுப்போடு கறுப்பாகப் போயிருக்கும். கடற்காற்றில் சிவந்த கன்னங்கள் உண்மையைவிட இருண்டும், நீலக் கண்கள் உண்மையைவிட வெளுத்தும் வந்திருக்கும். இன்று கணினியைக் கொண்டு பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். இவளுக்கும் ஏற்றியிருப்பதைப் பார்த்தேன்: இளஞ்சிவப்புக் கன்னம், நீலப் பாவாடை. துணியின் நிறத்தைப் பழுப்பின் ஆழத்திலிருந்து மட்டும் திரும்பக் கணிக்க வழியில்லை என்பது ஒருபுறம் இருக்க, அந்த வேலையைச் செய்தவர்கள் முதலில் செய்தது தாளின் நார்களைக் குப்பை என்று கருதித் துடைத்ததுதான். முகம் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. இருந்த நிறத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இல்லாத நிறத்தைப் பூசியதை வண்ணம் சேர்ப்பது என்று எப்படிச் சொல்வது?

இருந்த நிறமும் 1840-களின் நிறம் அல்ல என்று யாராவது என்னை மடக்கினால், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தாளில் மிச்சமாகத் தங்கிய ஹைப்போவும், காற்றிலுள்ள கந்தகமும் வெள்ளியை மெல்ல மெல்ல மஞ்சளாக்குகின்றன. கரி அடுப்புப் புகைக்குப் பட்டப்பெயரே பெற்ற எடின்பரோவில் கந்தகத்துக்குப் பஞ்சம் இருந்திருக்காது. பல அச்சுகளில் விளிம்புகள் முதலில் வெளுத்து, நடுப்பகுதி மட்டும் ஆழமாக நிற்கிறது. மெல்லிய சாயல்கள், அதாவது கன்னத்திலும் நெற்றியிலும் இருந்தவை, எளிதில் போய்விடுகின்றன. எனவேதான் அருங்காட்சியகங்கள் இவற்றை இருட்டில் வைத்து, மங்கிய விளக்கில், எப்போதாவது ஒருமுறை வெளியே எடுக்கின்றன. நான் ரசிக்கிற வேட்டி மஞ்சளில் ஒரு பகுதி நோயின் நிறம் என்று தெரிந்த பிறகும் என் ரசனை குறையவில்லை. பழைய செப்புக் குடத்தின் பச்சைப் பூப்பை எந்தக் கணக்கில் சேர்க்கிறோமோ அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

மொட்டை மாடிச் சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது என் பெரியம்மாவின் படம். திண்ணையில், மேற்கு வெயில் முகத்தில் விழும்படி உட்காரவைத்து எடுத்து, கணினியில் அதன் மூன்று நிறப் பிரிவுகளில் நீலத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதையே நெகட்டிவாகச் செய்துகொண்டேன். பழைய தாள் எப்படிப் பார்த்திருக்குமோ அப்படிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. நான்காவது அச்சுதான் ஓரளவு தேறியது. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கையில் வாங்கி, முதலில் தன் முகத்தைப் பார்த்து, "என்னடா இது, என்னை டிகாஷன்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு" என்றாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கட்டைவிரலால் படத்தின் தோள்பட்டைப் பக்கம் மெல்லத் தடவினாள். அங்கே பழுப்பைத் தவிர வேறு நிறமே இல்லை. முடிச்சுப் போட்ட இடங்களில் துணி சுருங்கி நிற்கும் வெள்ளைப் பொட்டுகள் மட்டும் தாளின் நாரோடு சேர்ந்து புடைத்துத் தெரிந்தன.

"இது மதுரையில வாங்கின அந்த அரக்குச் சுங்குடிதானே?" என்றாள்.